டாக்காவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். உன் கடிதத்தில் இருந்த கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

வங்கதேசத்தில் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்குப் பதினெட்டு நிறையும் முன்பே கல்யாணம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் 1970-களில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் என்றிருந்த பிள்ளைப்பேறு இப்போது இரண்டேகால் அளவுக்கு இறங்கியிருக்கிறது. அப்படியானால் திருமண வயது உயர்ந்தால்தான் பிறப்பு குறையும் என்று நாம் நம்பியது தவறா என்று கேட்டிருந்தாய். தவறில்லை, ஆனால் அது இலங்கை போன்ற நாடுகள் போன வழி. அங்கே 1971-லேயே பெண்களின் சராசரி மணவயது இருபத்து மூன்றைத் தாண்டிவிட்டது. படித்து முடித்த பிறகுதான் கல்யாணப் பேச்சு என்பது அங்கே வெகு முன்பே வழக்கமாகியிருந்தது. வங்கதேசத்தில் அதற்குக் காத்திருக்கவில்லை. 1977-இல் மத்லப் பகுதியில் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கருத்தடை மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள்; வாசல் தாண்டத் தயங்கிய பெண்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. அரசுத் திட்டத்துக்கும் அந்த அனுபவம் வழிகாட்டியது.

நம் தமிழ்நாடு போன வழி இந்த இரண்டிலும் சேராது. நம் பெண்கள் இருபது, இருபத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்டு, அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டாவது பிரசவம் ஆன கையோடு அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷனும் செய்துகொண்டு, இருபத்தைந்து இருபத்தாறு வயதுக்குள் அந்தக் கதையையே முடித்துவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் இங்கே மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களே. நீ அங்கே பார்க்கும் மாத்திரைப் பழக்கம் இங்கே வேரூன்றவே இல்லை.

ஏன் என்று கேட்டால், கிராம சுகாதாரச் செவிலியராகத் தம்பதியர் பதிவேட்டைச் சுமந்து திரிந்த எனக்கு நாற்றங்கால் வரப்பில் கிடைத்த பதில்தான் சரியாகப் படுகிறது. காப்பர்-டி போட்டுக்கொள்ளம்மா, பிறகு வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்று சொன்னபோது, நடவில் இருந்த ஒருத்தி நிமிராமலேயே, "வயித்த வலிச்சா ஒரு நாள் கூலி போவும், காட்ட வந்தா இன்னொரு நாள் கூலி போவும். ஒரே வேலையா முடிச்சு விட்டுடுக்கா" என்றாள். அறியாமை என்று அதை நான் சொல்லமாட்டேன். அவளைவிடத் தெளிவாகக் கணக்குப் போட்டவர்களை நான் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. பெற்ற இரண்டும் பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே அவளால் அப்படிக் கேட்க முடிந்தது என்பதையும் மறந்துவிடாதே. 1970-களின் தொடக்கத்தில் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அந்த எண்ணிக்கை பதின்மூன்று. தடுப்பூசி, சத்துணவு, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

மாதம் இத்தனை பேர் என்று இலக்கு வைத்து, கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் சேர்த்து நாங்கள் ‘கேஸ் பிடித்த’ காலமும் உண்டு. மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை கேஸ் என்று நிற்கவைத்துக் கேட்பார்கள். 1996-இல் அந்த இலக்கு முறையை மத்திய அரசு கைவிட்டபோது பிறப்பு ஏறிவிடும் என்று பலர் பயந்தார்கள்; இங்கே ஏறவில்லை, மேலும் இறங்கி 2005-06-இல் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை என்ற அளவுக்கு வந்தது. எங்கள் விரட்டலால்தான் குறைந்தது என்று மேடையில் பேசுவோரை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில் இருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77-இல், நாடு முழுவதும் எண்பது லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பலர் கட்டாயத்தின்பேரில். அந்தக் கொடுமைக்குப் பிறகு ஆண்களிடம் அந்தப் பேச்சை எடுக்கவே அரசுகள் அஞ்சின. சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது. ஆணுக்குச் செய்வது எளிது, கத்தியே இல்லாத முறைகூட உண்டு என்று நான் விளக்கிய வீடுகளில் மனைவிமார்களே முதலில் மறுத்தார்கள்: "அவரு மூட்டை தூக்குறவரு, வேண்டாங்க்கா."

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2026-க்குப் பிறகு நாடாளுமன்றத் தொகுதிகளை மக்கள்தொகைப்படி மறுபடி பிரித்தால் பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்கு இடம் குறையும் என்பதால், புதுமணத் தம்பதிகள் சீக்கிரம் பிள்ளை பெற வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே 2025-இல் மேடையில் சொன்னார். தொகுதிக் கவலை நியாயமானது. அதற்கு விடை நாடாளுமன்றத்தில் இருக்கிறதே ஒழிய பிரசவ வார்டில் இல்லை. உன் அத்தையும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ அதில் தலையிட வேண்டாம்.

அடுத்த முறை கிராமத்துக்குப் போகும்போது எனக்காக ஒன்று விசாரித்து எழுது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் வராத மாதத்தில் அங்கத்துப் பெண்கள் என்ன செய்கிறார்கள், கடைக்குப் போய் வாங்கிவருவது யார், கணவனா? மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு கேட்காதே. பாத்திரம் கழுவவோ தண்ணீர் எடுக்கவோ மருமகள் தனியாக வரும்போது கேள்.

அன்புடன்,
அம்மா