வரலாற்று விடைத்தாள் முழுவதையும் ஒருவரே திருத்தினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டிறுதித் தேர்வின் விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்குத் திரும்பி வரும் நாள்களில், எனக்குத் தெரிந்த பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பக்கத்து வகுப்பு மாணவி எழுதியதைத்தானே என் மகளும் எழுதியிருக்கிறாள், பிறகு ஏன் மதிப்பெண் குறைந்தது? கணக்குப் பாடத்தில் அரிதாகவே எழும் இந்தக் கேள்வி, சிங்கப்பூர்ப் பள்ளிகளின் உயர்நிலை மூன்றாம் ஆண்டு உலக வரலாற்றுத் தாளில் ஆண்டு தவறாமல் எழுகிறது. அப்பாடத்தை நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அவர்களுடைய சந்தேகம் பெரும்பாலும் நியாயமானது என்றே சொல்வேன். ஆனால் அவர்கள் பழிக்கும் மதிப்பெண் திட்டத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. அதைப் பள்ளிகள் நடைமுறைப்படுத்தும் விதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உயர்நிலைக் கல்வியின் முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வை ஒட்டியே பள்ளிகளும் ஐம்பது மதிப்பெண்ணுக்குத் தாள் தயாரிக்கின்றன. மூல ஆதாரங்களைப் படித்து விடையளிக்கும் பகுதிக்கு 30, இரண்டு கட்டுரைகளுக்கு 20. உண்மைத் தகவல் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் என்ற கணக்கே இங்கு இல்லை. விவரித்தல், ஒரு காரணத்தை விளக்குதல், பல காரணங்களை விளக்குதல், அவற்றை எடைபோட்டு முடிவு சொல்லுதல் என விடை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பெண் தர வேண்டும்.

ஆசிய பசிபிக் வட்டாரத்தில் போர் மூண்டதற்கு அமெரிக்காவின் எண்ணெய்த் தடையே தலையாய காரணமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவன், ஜப்பான் 1931-இல் மஞ்சூரியாவில் நுழைந்தது, 1937-இல் சீனப் போர், 1940-இல் வட இந்தோசீனா, 1941 ஜூலையில் தென் இந்தோசீனா, பிறகு எண்ணெய்த் தடை, டிசம்பரில் ஹவாயின் பேர்ல் துறைமுகத் தாக்குதல் என்று ஒன்றையும் விடாமல் வரிசையாக எழுதிவிடுகிறான். இன்னொரு மாணவி இரண்டே நிகழ்வுகளைச் சொல்கிறாள்; ஆனால் தனக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை அமெரிக்காவிடமிருந்தே வாங்கிவந்த ஜப்பான், கையிருப்பு தீருமுன் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெய்க் கிணறுகளைப் பிடித்தாக வேண்டிய நெருக்கடிக்கு உள்ளானதையும், அந்தத் தடையை வரவழைத்ததே இந்தோசீனாவில் ஜப்பான் வைத்த காலடிதான் என்பதையும் அவள் இணைத்துக் காட்டுகிறாள். திட்டப்படி அவள் விடையே மேல் படியில் இருக்கிறது. ஆயினும், பள்ளி வேலை முடிந்து இரவு வெகுநேரம் கட்டுக்கட்டாகத் தாள் திருத்தும் கண்ணுக்கு முதல் விடையின் ஆண்டுகள்தான் பளிச்சென்று படும். ஒவ்வோர் ஆண்டின் மேலும் ஒரு சரிக்குறி விழுந்துவிடும். துணைப்பாட நிலையங்கள் மாணவர்களை மனப்பாடம் செய்ய வைக்கும் மாதிரி விடைகளுக்கு இதனால்தான் இவ்வளவு மவுசு.

தேதியிலும் சிக்கல் உண்டு. போர் 1941 டிசம்பர் 8-இல் தொடங்கியது என்று எழுதிய ஒரு தாளில், அந்த 8-ஐச் சுழித்து 7 என்று சிவப்பு மையால் திருத்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஹவாய் நேரப்படி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது 7-ஆம் தேதி காலைதான். ஆனால் மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கத் தொடங்கியது மலாயா நேரப்படி 8-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில். பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே அது நடந்துவிட்டது. சிங்கப்பூரில் குண்டு விழுந்ததும் அதே 8-ஆம் தேதி விடியுமுன்தான். இவ்வூரில் பிறந்த பிள்ளை 8 என்று எழுதினால் அது எப்படிப் பிழையாகும்? இரண்டு தேதியையும் ஏற்கலாம் என்று திருத்துவோர் முன்கூட்டியே கூடிப் பேசியிருந்தால், ஒரு வகுப்பில் சரியான விடை அடுத்த வகுப்பில் தவறாகியிருக்காது.

தேர்வு நடத்துவதிலும் இதே ஒழுங்கின்மை இருக்கிறது. போலந்து வீழ்ந்த 1939 செப்டம்பரில், தரையில் கிடக்கும் சடலத்துக்கு இருபுறமும் நின்று ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துகொள்வதாக டேவிட் லோ வரைந்த கேலிச்சித்திரம் ஆசிரியர்கள் விரும்பிக் கொடுக்கும் மூல ஆதாரம். நகலின் நகலை எடுத்து அச்சிட்டதில் அதிலுள்ள எழுத்துகள் கறுப்புத் திட்டாகிவிட்டன என்று வையுங்கள். ஓர் அறையின் கண்காணிப்பாளர் அவற்றை வாசித்துக் காட்டுவார்; மற்றொருவர் விதியில் இடமில்லை என்று மறுத்துவிடுவார். இரண்டு அறைகளும் எழுதியது ஒரே தேர்வு என்று எப்படிச் சொல்வது? அச்சுப்படி ஒன்றைத் தேர்வுக்கு முந்தைய வாரமே பாட ஆசிரியர் அல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் தீரக்கூடிய சங்கடம் இது.

அரையாண்டுத் தேர்வுகள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளின் எல்லா நிலைகளிலும் 2023-க்குள் நீக்கப்பட்டதை நான் வரவேற்றவள், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் அதன் பிறகு ஆண்டிறுதித் தாள் ஒன்றே பெரிய தேர்வாக நிற்கிறது. வரலாற்றைத் தனிப்பாடமாகத் தொடரலாமா என்ற பேச்சும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. ஆகவே, திருத்தும் வேலை தொடங்குமுன் அந்த நிலையின் வரலாற்று ஆசிரியர்கள் அனைவரும் ஒரே சில விடைத்தாள்களைத் தனித்தனியாகத் திருத்தி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பின் அவரவர் வகுப்பை அவரவரே திருத்தாமல், ஒரு கேள்வியை எல்லா வகுப்புகளுக்கும் ஒருவரே திருத்துவது நல்லது. தன் மாணவரின் கையெழுத்தும் குணமும் தெரிந்த ஆசிரியரால்தான் நியாயமாகத் திருத்த முடியும் என்று சக ஆசிரியர் சிலர் வாதிடுவார்கள். எனக்கோ அந்தப் பரிச்சயம்தான் அச்சமூட்டுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை சொல்லாமல் விட்டதையும் நாமே மனத்துக்குள் நிரப்பிக்கொள்வோம்.

நேரமில்லை என்ற மறுப்பை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆசிரியர்கள் மேல் ஏற்கெனவே இருக்கும் சுமைக்கு மேலே இதையும் ஏற்றுவது முறையாகாது. எனவே பள்ளி முதல்வர்கள், ஆண்டுத் தொடக்கத்தில் தேர்வு நாள்களைக் குறிக்கும்போதே, வரலாற்றுத் தாளுக்கு அடுத்த நாளில் அரை நாளை இந்த ஒப்பீட்டுக்கென ஒதுக்கி, அன்று அந்த ஆசிரியர்களுக்குக் கண்காணிப்புப் பணியும் கூட்டங்களும் வைக்காதிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
ஈசூன்