ஏழு பிராங்க் தண்ணீர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதை என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லிவிடாதே.

ஜூன் மாதம் நீயும் தங்கச்சியும் சுவிட்சர்லாந்து போகிற விஷயத்தை, கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதுபோலக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷமாகப் போகணும் போகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. போய் வந்தது நான் முதலில். அந்தக் கோபம் இன்னும் ஆறியிருக்காது, தெரியும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு தொகையைச் சொன்னால் நீ அதையே பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாய், பிறகு என்னைத் திட்டுவாய். அதனால் எங்களுக்குக் காசு எங்கே ஓடியது, எங்கே ஓடவில்லை என்று சொல்கிறேன். கணக்கை நீயே போட்டுக்கொள்.

முதல் நாள் சாயங்காலம் லுசெர்னில் ஏரிக்கரை ஓரமாக ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பயணக் களைப்பு, நல்ல பசி. விலைப்பட்டியலை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பரிமாறுகிற பையன் வந்து தண்ணீர் வேண்டுமா என்றான். வேண்டும் என்றோம். கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, இரண்டு கிளாசிலும் பாதிப் பாதி ஊற்றினான். ஆளுக்கு ஒரு தட்டு பாஸ்தா, நடுவில் ஒரு சாலட், கடைசியில் இரண்டு காபி. பில் 84 பிராங்க். அதில் தண்ணீர் மட்டும் 7. இவள் ஒன்றும் பேசவில்லை. ரசீதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எட்டு நாளும் நான் எதையாவது வாங்கலாம் என்று வாயைத் திறந்தால் அந்த ரசீது வெளியே வரும்.

மறுநாள் காலை ஓட்டல் வாசலில் இருந்து முப்பது அடி நடந்திருப்போம், தெருமுனையில் கல்தொட்டியோடு ஒரு நீரூற்று. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, பாட்டிலை நிரப்பி, அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போனார். அந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு இப்படித்தான். சூரிச்சில் மட்டும் 1,200-க்கு மேல் இருக்கின்றன. எல்லாம் குடிநீர், சில்லென்று இருக்கும். 'கைன் ட்ரிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதே. கடையில் உட்கார்ந்தால் 'லைட்டுங்ஸ்வாசர்' என்று கேள், குழாய்த் தண்ணீர் என்று அர்த்தம். அதற்கும் காசு வாங்குகிற கடைகள் உண்டு, ஆனால் பாட்டிலுக்கு வாங்குகிற அளவுக்கு இருக்காது. ஆளுக்கு ஒரு காலி பாட்டில் எடுத்துக்கொள். அதில் மிச்சமானதை நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன் என்றால் சிரிப்பாய்.

அந்த ஊர் விலைவாசி எனக்குப் புரிந்தது மூன்றாம் நாள்தான். தோள்பையின் பட்டை அறுந்துபோனது. செருப்புத் தைக்கிற கடை ஒன்றில் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 30 பிராங்க் ஆகும் என்றார். நாலு கடை தள்ளி, அதைவிடக் குறைந்த விலைக்கு ஒரு புதுப் பையே கிடைத்தது. அன்றைக்குத்தான் உறைத்தது: அங்கே பொருளுக்கு அவ்வளவு விலை இல்லை, ஆள் கை படுவதற்குத்தான் விலை. ஜெனீவாவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 24 பிராங்குக்கு மேல். அந்தக் கூலி வாங்குகிறவர் உனக்குப் பரிமாறுகிறார், முடி வெட்டுகிறார், டாக்சி ஓட்டுகிறார். அப்புறம் பில் எப்படிக் குறையும்? இன்னொருவர் உனக்காக ஒரு வேலை செய்தால் கட்டணம் ஏறும், நீயே எடுத்துக்கொண்டால் இறங்கும். இதற்குப் பிறகு நாங்கள் எதைப் பார்த்தாலும் இவள், "இதில் எத்தனை கை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். (டிப்ஸ் பற்றிக் கவலைப்படாதே. பரிமாறுகிற கூலி விலைக்குள்ளேயே இருக்கிறது. பில்லை முழு எண்ணாக்கிக் கொடுத்தால் போதும், அதுவும் உன் இஷ்டம்.)

சாப்பாட்டுக்குச் சூப்பர்மார்க்கெட்தான் வழி. மீக்ரோ, கோப் என்று இரண்டு பெரிய பெயர்கள், ஒன்று இல்லாத ஊரே கிடையாது. மீக்ரோ 1925-இல் சூரிச்சில் ஐந்து லாரிகளில் தெருத்தெருவாகச் சரக்கு விற்று ஆரம்பித்த வியாபாரம். இன்றைக்கு இரண்டிலும் மலிவுச் சரக்குக்கென்று தனிப் பெயர் உண்டு: மீக்ரோவில் 'எம்-பட்ஜெட்', கோப்பில் 'ப்ரி கராந்தி'. ரொட்டி, தயிர், சீஸ், பழம் எல்லாவற்றிலும் பார்க்கலாம். மத்தியானம் சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால் இதே கடைகளை ஒட்டி, நாமே தட்டில் எடுத்துக்கொள்கிற உணவகங்கள் இருக்கின்றன. வெளிக்கடைகளிலும் மத்தியானம் 'டாகஸ்மெனு' என்று அன்றைய சாப்பாடு ஒன்று இருக்கும். ராத்திரி அதே நாற்காலியில் உட்கார்ந்தால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பெரிய சாப்பாட்டை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள். உன் வயிற்றுக்கும் அதுதான் நல்லது.

சாயங்காலம் கடை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார். ஒரு பெண் கையில் ஸ்டிக்கர் சுருளோடு வந்து, அன்றைக்குள் விற்றாக வேண்டிய பொருள்களின்மேல் பாதி விலை என்று ஒட்டிக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர், அவசரமே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நகர்வார்கள். நல்ல கோட்டு போட்ட ஒரு வயதான அம்மா, ஸ்டிக்கர் ஒட்டாத சாலட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் தன் பக்கம் வரும்வரை நின்றார். ஒட்டியதும் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது. உள்ளூர்க்காரர்களே வார இறுதியில் எல்லை தாண்டி ஜெர்மனியின் கான்ஸ்டன்சுக்குப் போய்ச் சாமான் வாங்குகிறார்கள். வரி கட்டாமல் கொண்டுவருகிற அளவை 2025 தொடக்கத்தில் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்திருக்கிறார்கள் என்றால் கூட்டம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற கடைகள்தான் திறந்திருக்கும். அது தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க பிஸ்கட் தின்றோம்.

இனி ரயில். சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக, சில நாள் அதற்கும் மேலாகவே, செலவு இதில்தான். ஏஜெண்ட் உனக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கச் சொல்வார். மூன்று நாள் பாஸே 240 பிராங்குக்கு மேல். ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாம் அதில் அடக்கம், ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களிலும் காசில்லாமல் நுழையலாம். தினமும் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அது சரி. நீயோ ஒரு ஏரியைப் பார்த்தால் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காருகிற ஆள். உனக்கு அரைக் கட்டண அட்டைதான் பொருந்தும். நூற்றுச் சொச்சம் பிராங்க், ஒரு மாதம் செல்லும், ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை. டிக்கெட் இயந்திரத்தில் ½ என்று ஒரு பொத்தான் வரும். இவள் அதைக் குழந்தைகள் டிக்கெட் என்று நினைத்து என் கையைத் தட்டிவிட்டாள், முதல் டிக்கெட் முழு விலைக்குப் போனது. பரிசோதகர் வந்தால் அட்டையோடு பாஸ்போர்ட்டையும் காட்டச் சொல்வார், பக்கத்திலேயே வைத்துக்கொள்.

எந்த நாளில் எங்கே என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டாயானால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட் ரயில்வே செயலியில் கிடைக்கும். ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட்டும் போச்சு. நிலையங்களில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் நேரே போய் ஏறலாம். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் நூறு பிராங்கை ஒட்டி வரும். ரயில் கிளம்பியபின் செல்பேசியில் வாங்கினாலும் செல்லாது.

யுங்ஃப்ராவ்யோக் என்கிற மலை ரயில் நிலையத்துக்குப் போகணும் என்று உனக்கு ஆசை இருக்கும். 3,454 மீட்டர் உயரம், 1912-லேயே மலைக்குள் சுரங்கம் குடைந்து ரயில் விட்டிருக்கிறார்கள். இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும். டிராவல் பாஸ் வைத்திருந்தால் வழியில் இருக்கிற கிரிண்டெல்வால்டு வரைக்கும் அடக்கம், அதற்கு மேல் கால்வாசிதான் தள்ளுபடி. அரைக் கட்டண அட்டைக்கு முழுத் தூரமும் பாதி. நாங்கள் டிக்கெட்டை முதல் நாளே வாங்கிவிட்டோம். மேலே போனால் மேகம். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒருவர் அந்த வெள்ளையையே படம் எடுத்துக்கொண்டிருந்தார், கொடுத்த காசுக்கு ஏதாவது எடுத்தாக வேண்டுமே. உச்சியில் என்ன தெரிகிறது என்று காட்டுகிற நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துவிட்டு வாங்கு.

எனக்குப் பிடித்தது ரிகி மலை. லுசெர்னிலிருந்து கப்பலில் ஃபிட்ஸ்னாவ், அங்கிருந்து பல்சக்கர ரயில். 1871-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலைரயில். அன்றைக்கு வெயில். ஏரி கீழே மடிந்து மடிந்து கிடந்தது. இறங்கும்போது பாதி வழி நடந்தோம். மஞ்சள் பலகையில் எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும், அதன்படியே போகலாம். நாடு முழுக்க 65,000 கிலோமீட்டர் நடைபாதை இப்படிக் கிடக்கிறது, ஒரு காசு கிடையாது. வழியில் கல் அடுக்கிய அடுப்பு ஒன்று, பக்கத்தில் பிளந்த விறகு அடுக்கி வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் எரிக்கலாமாம். ஒரு குடும்பம் குச்சியில் தொத்திறைச்சியைக் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ரொட்டியை வாட்டிச் சீஸ் வைத்துச் சாப்பிட்டோம். எட்டு நாளில் இவள் ரசீதைப் பற்றிப் பேசாத ஒரே சாப்பாடு அதுதான். உன் முழங்காலுக்கு இறக்கம் ஆகாது, மேலேயே சமதளமாக நடக்கிற பாதை பார்த்துக்கொள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். தங்கும் இடத்தில் விருந்தினர் அட்டை கேட்டு வாங்கு. பேசல், பெர்ன், ஜெனீவா, லுசெர்ன் எல்லாவற்றிலும் இரவு தங்குகிறவர்களுக்கு உள்ளூர் பஸ், டிராம் இலவசம். நாம் கட்டுகிற தங்கல் வரியில்தான் அது வருகிறது, விடாதே. சூரிச் விமான நிலையத்தில் டாக்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காதே. அடித்தளத்திலேயே ரயில், பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் நகரம். கடையில் கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்திலா, பிராங்கிலா" என்று இயந்திரம் கேட்கும். பிராங்க் என்றே அழுத்து. நான் தெரிந்த எண்ணாக வரட்டுமே என்று மற்றதை அழுத்தி, மாற்று விலையில் ஏமாந்தேன். யூரோவை வாங்கிக்கொள்கிற கடைகள் உண்டு, ஆனால் மிச்சம் பிராங்கில் வரும், கணக்கும் அவர்கள் போட்டதுதான். செல்பேசிக்கு 'ஐரோப்பா முழுவதும்' என்று விற்கிற சிம்மில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று பார். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பல திட்டங்களில் விடுபட்டுப் போகும்.

கடைசியாக ஒன்று, சிரிக்காதே. ரயில் நிலையக் கழிவறைக்குக் காசு, ஒன்று அல்லது இரண்டு பிராங்க். ஒரு நிலையத்தில் நான் அவசரமாகப் போய் நின்றபோது கையில் இருந்தது ஒரே ஒரு 50 பிராங்க் நோட்டு. அதை மாற்றுவதற்கு ஒரு காபி வாங்க வேண்டியதாயிற்று, 5 பிராங்க். காபியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற என்னை இவள் தூரத்தில் இருந்து படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது செலவாகாமல் தங்கிய நாணயங்கள் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், 11 பிராங்க் 40 ராப்பன். கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் இரண்டு பேருமாக வாருங்கள், அதை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாறு தடவைக்கு ஆகும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சு நண்பன்