சிவகாமியின் பிடிவாதமா, மாமல்லரின் மௌனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதும் கருத்துகளைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். கட்சி பிரிந்து சண்டை நடக்கிறது. ஒரு பக்கம், பல்லவ இளவரசர் மாமல்லர் துரோகி, காதலித்த நாட்டியக்காரி சிவகாமியை எதிரி நாட்டில் விட்டுவிட்டுப் பாண்டிய இளவரசியைக் கட்டிக்கொண்டார் என்கிறார்கள். இன்னொரு பக்கம், கூப்பிட வந்தவனோடு கிளம்பிப் போயிருந்தால் கதையே வேறு, எல்லாம் அந்தப் பெண்ணின் பிடிவாதம் என்கிறார்கள். இதில் ஒருவர் 'பெண் புத்தி' என்று எழுதியிருக்கிறார், அதையும் அச்சிட்டிருக்கிறீர்கள். சரி, அது உங்கள் உரிமை. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களுமே நாவலின் நடுப்பகுதியை வேகமாகப் புரட்டிவிட்டுக் கடைசி அத்தியாயத்துக்கு ஓடியவர்கள் போலத் தெரிவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிடிவாதத்தைப் பார்ப்போம். மூன்றாம் பாகத்தில் சிவகாமி சாளுக்கியர் தலைநகரான வாதாபிக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். அவளோடு காஞ்சியைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சாட்டையால் அடிக்கிறார்கள். அடி நிற்க வேண்டுமானால் இவள் நாற்சந்தியில் ஆட வேண்டும். ஆடுகிறாள். காஞ்சி அரசவையில் அரங்கேற்றம் கண்டவள், ஆயனச் சிற்பியின் ஒரே மகள், அரண்ய வீட்டில் மானோடும் கிளியோடும் வளர்ந்தவள், எதிரியின் தலைநகரத்துத் தெருக்களில், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் நடுவில் ஆடுகிறாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சபதம் வருகிறது. இந்த நகரம் எரிந்த பிறகுதான் இதைவிட்டு வெளியேறுவேன் என்கிறாள். இதைப் போய் காதலனைச் சோதித்துப் பார்க்கிற பெண்ணின் வீம்பு என்று படித்தால் எப்படி? அவள் அவமானப்பட்டது மாமல்லரின் காதலி என்பதற்காக மட்டுமா? தன் சொந்த ஜனங்களின் முதுகைக் காப்பாற்றப் போய் அவமானப்பட்டாள். ராத்திரியோடு ராத்திரியாகத் தான் ஒருத்தி மட்டும் தப்பித்துப் போய்விட்டால் அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம் மிஞ்சும்?

மாமல்லரும் அவருடைய தளபதி பரஞ்சோதியும் மாறுவேடத்தில் உயிரைப் பணயம் வைத்து வந்து கூப்பிடுகிறார்கள். அவள் வரவில்லை. மாமல்லருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தையும் நான் தப்பு சொல்ல மாட்டேன், இளவரசன் எதிரி கோட்டைக்குள் நுழைந்து நிற்கிறான், ஒரு சத்தம் வெளியே கேட்டால் தலை போய்விடும், இவளோ சபதம் என்கிறாள். எனக்குத் தெரிந்து தமிழ் சரித்திர நாவல்களிலேயே ஒரு ஆணும் பெண்ணும் மோதிக்கொள்வதில் இதைவிட நியாயமான காட்சி கிடையாது, ஏனென்றால் இரண்டு பேர் சொல்வதும் சரி. நாவலின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் நீங்கள் அச்சிட்ட கடிதங்களில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. எல்லோருக்கும் கடைசி அத்தியாயத்து ஏகாம்பரநாதர் கோயில் காட்சிதான் வேண்டியிருக்கிறது.

அடுத்து, கல்யாணம். மகேந்திர பல்லவர் மரணப் படுக்கையில் கிடக்கிறார், ராஜ்யம் அடிவாங்கிக் கிடக்கிறது, தெற்கே பாண்டியன் நட்பாக இல்லாவிட்டால் வடக்கே படையெடுக்கிற பேச்சே எடுக்க முடியாது, அப்பா கேட்கிறார், மகன் ஒத்துக்கொள்கிறான். அரச குடும்பத்துக் கல்யாணங்கள் அன்றைக்கு அப்படித்தான் நடந்தன, இதில் துரோகம் என்று குதிக்க எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஆறாத விஷயம் வேறு. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் போகின்றன. இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்கின்றன. சத்ருக்னனைப் போன்ற ஒற்றர் தலைவன் இருக்கிற அரசு அது, எதிரியின் அந்தரங்க ஆலோசனையே காஞ்சிக்கு வந்து சேரும். ஆனால் 'எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது' என்ற ஒரு வரி காஞ்சியிலிருந்து வாதாபிக்குப் போகவில்லை. சரி, தூரத்தில் இருந்தபோது சொல்ல மனம் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். படை போனது, சாளுக்கிய அரசன் புலிகேசி தோற்றான், நகரம் எரிந்தது, அவளைப் பத்திரமாக மீட்டார்கள். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லையே! காஞ்சிக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. ஒரு பெரிய நகரத்தை எரிக்கத் துணிந்தவருக்கு ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லத் துணிச்சல் இல்லை. மாமல்லர் மேல் குற்றப் பத்திரிகை எழுதுவதென்றால் அதில் இருக்க வேண்டிய குற்றம் இதுதான். கல்யாணத்தை அதில் சேர்க்காதீர்கள்.

'அவள் தாங்க மாட்டாள் என்றுதான் சொல்லவில்லை' என்று ஒரு வாசகர் அவருக்காக வாதாடியிருந்தார். நாற்சந்தியில் ஆடியதைத் தாங்கினாள், ஒன்பது வருடத் தனிமையைத் தாங்கினாள், ஒரு புத்த பிட்சுவின் பைத்தியக்காரத்தனமான ஆசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாள் கடத்தினாள். இவள் இதை மட்டும் தாங்க மாட்டாளாம்! நம் வீடுகளிலும் இதே சாக்குதான், பெண்ணுக்கு எதையாவது மறைக்க வேண்டுமென்றால் அவள் மனசு தாங்காது என்று ஆண்கள் தாங்களே முடிவு கட்டிக்கொள்வார்கள்.

அந்தப் பிட்சு நாகநந்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அவரை வில்லன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வில்லன்தான், அஜந்தா ஓவியங்களின் அழியாத வர்ண ரகசியத்தின் மேல் ஆயனருக்கு இருந்த பைத்தியத்தைப் பயன்படுத்திக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தவர், செய்யாத சூழ்ச்சி இல்லை. ஆனாலும் தன் ஆசை இன்னது என்பதை அவளிடம் ஒளிக்காத ஒரே ஆண் அந்தப் பிட்சுதான். கல்கி வேண்டுமென்றே இப்படி அமைத்தாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பாகத்துக்கு 'பிக்ஷுவின் காதல்' என்று பெயர் வைத்தவர் வேண்டுமென்றேதான் செய்திருப்பார்.

உண்மையில் இந்த ஜோடியைப் பிரித்தவர் யார் என்று கேட்டால் என் விரல் மகேந்திரர் பக்கம் நீள்கிறது. நிஜ மகேந்திரவர்மர் எப்பேர்ப்பட்டவர் என்பது தெரியும், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் குடைந்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்தவர், மத்தவிலாசம் என்று ஒரு கேலி நாடகம் எழுதியவர், சித்திரகாரப்புலி, விசித்திரசித்தன் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ரசிகர். நாவலிலும் அவர்தான் சிவகாமியின் கலையை முழுதாகப் புரிந்துகொண்டவர். அதனாலேயே அவளைத் தன் மகனுக்குக் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை. இவ்வளவு பெரிய கலை ஒருவனுடைய அந்தப்புரத்தில் அடைபடக் கூடாதாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லையே? மகனைத் தெற்கே அனுப்பிவிட்டுப் புலிகேசியை விருந்தாளியாகக் கோட்டைக்குள் அழைக்கிறார், அந்த அவையில் அவள் நடனம் நடக்கிறது. ராஜதந்திரம் என்று அவர் ஆடிய சொக்கட்டானில் கடைசியில் வெட்டுப்பட்ட காய் சிற்பி மகள்தான். ஆயனரின் சிலைகள் உடைந்தன, கால் போனது, மகள் போனாள். இத்தனைக்கும் மகேந்திரர்தான் நாவலின் மிக அன்பான, மிக ரசிக்கத்தக்க பாத்திரம், படிக்கும்போது நமக்கே அவர்மேல் கோபம் வருவதில்லை. கல்கியின் சாமர்த்தியம் அது. உங்கள் வாசகர்கள் யாரும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாததற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

'கல்கி நம்மை ஏமாற்றிவிட்டார், ஆயிரம் பக்கம் காத்திருக்க வைத்துச் சேர்த்து வைக்கவில்லை' என்று வருத்தப்பட்ட கல்லூரி மாணவிக்கு ஒரு தகவல். 'சிவகாமியின் சபதம்' கல்கி இதழில் தொடராக வந்தது 1944 முதல் 1946 வரை. அதற்கு முன்பே, 1941இல் பத்திரிகை தொடங்கிய கையோடு, 'பார்த்திபன் கனவு' வந்துவிட்டது. அதில் நம் மாமல்லரான நரசிம்ம பல்லவரின் மகளாகக் குந்தவி வருகிறாள். அன்றைக்கு வாராவாரம் படித்தவர்களுக்கு மாமல்லர் வேறு யாரையோ மணந்து பிள்ளை பெற்றுவிட்டார் என்பது முதல் இதழிலேயே தெரியும். முடிவு தெரிந்துகொண்டே மூன்று வருடம் அவர்கள் சிவகாமிக்காகக் காத்திருந்தார்கள். இப்போது நாட்டுடைமை ஆன பிறகு மலிவுப் பதிப்பு நான்கு பாகத்தையும் ஒரே கட்டாக வாங்கி, இதை முதலில் படித்துவிட்டுப் பிறகு பார்த்திபன் கனவுக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த அதிர்ச்சி.

இன்னொருவர் 'சிவகாமிக்கு வரலாறு துரோகம் செய்துவிட்டது' என்று உருகியிருந்தார். ஐயா, சிவகாமி வரலாற்றிலேயே இல்லை. மாமல்லபுரத்தில் சிற்பங்களைச் சுற்றிப் பார்க்கும்போது ஆயனர் செதுக்கியது எது என்று வழிகாட்டியிடம் கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், அது கல்கிக்குக் கிடைத்த வெற்றி, ஆனால் கற்பனை கற்பனைதான். வரலாற்றில் இருப்பது 642இல் வாதாபி விழுந்தது, பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு 'புலிகேசியின் முதுகில் வெற்றி என்று எழுதினார்' என்று நரசிம்மரைப் புகழ்வது, அந்த வாதாபியே ஆன இன்றைய பாதாமியில் பாறையில் இன்றும் சிதைந்து நிற்கிற அவருடைய பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பெரியபுராணத்தில் வாதாபியைத் துகளாக்கிவிட்டு வந்து சிறுத்தொண்டராகும் பரஞ்சோதி. அவ்வளவுதான். இரண்டு ராஜாக்களின் பகையாக மட்டும் கிடந்த ஒரு படையெடுப்புக்கு, ஒரு பெண்ணின் அவமானத்தைக் காரணமாக வைத்தது கல்கி. கர்நாடகத்தில் இதே புலிகேசி நர்மதைக் கரையில் ஹர்ஷரையே தடுத்து நிறுத்திய மாவீரன், அய்ஹொளெ கல்வெட்டு அவனுடைய புகழைத்தான் பாடுகிறது. அங்கே இருப்பவர்கள் இந்த நாவலைப் படித்தால் சிவகாமியின் சபதத்தை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நம் வாசகர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம், எரிந்தது அவர்கள் ஊர்.

கடைசியாக அந்தக் கடைசி அத்தியாயம். சிவகாமி ஏகாம்பரநாதர் சன்னதியில் இறைவனையே கணவனாக ஏற்றுத் திருமாங்கல்யம் பூண்டு, நாவுக்கரசரின் 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' பாட்டுக்கு ஆடுகிறாள், மாமல்லர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறார். இதைப் படித்து அழாதவர்கள் குறைவு, நானும் அழுதவள்தான். தெய்வீகக் காதல் என்று உங்கள் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இப்போது படிக்கும்போது வேறொன்று நெருடுகிறது. 1946ஐ நினைத்துப் பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி 1930 வாக்கிலேயே சட்டசபையில் போராடத் தொடங்கி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறுகிறது. சதிர் என்று ஒதுக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியமாகி, ருக்மிணி தேவி போன்றவர்கள் மேடை ஏறிவிட்டார்கள். 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் விமர்சனம் எழுதிய கல்கிக்கு இதெல்லாம் அத்துப்படி. அப்படிப்பட்டவர், ஒரு நாட்டியக்காரியை எங்கே கொண்டு போய் நிறுத்துவது என்ற கேள்வி வந்ததும், கோயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறார். பக்தி என்று பார்த்தால் உச்சம். ஆனால் அவள் இருபது முப்பது வருடம் உயிரோடு இருந்து தன் கலையோடு, யாருக்கும் மனைவியாக இல்லாமல், மனிதருக்கும் இல்லை தெய்வத்துக்கும் இல்லை என்று, அப்பாவின் அரண்ய வீட்டில் நான்கு பெண்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தாள் என்று முடிக்க அன்றைக்கு இடமில்லை போலிருக்கிறது. இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காஞ்சிக்கு வந்தபிறகு அவர்கள் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற ஒரு காட்சியைக் கல்கி எழுதவே இல்லை. ஆயிரம் பக்கத்தில் யானை மதம் பிடிக்கிறது, ஏரி உடைகிறது, முற்றுகை நடக்கிறது, ஒற்றர்கள் ஓலை மாற்றுகிறார்கள். 'ஏன் சொல்லவில்லை' என்று அவள் அவரைக் கேட்கும் அரைப் பக்கம் மட்டும் கிடையாது. கேட்டிருந்தால் மாமல்லர் என்ன பதில் சொல்லியிருப்பார்? துரோகி கட்சியும் பிடிவாதக் கட்சியும் தங்கள் அடுத்த கடிதத்தில் அதை எழுதிப் பார்க்கட்டும், படிக்க ஆசையாக இருக்கிறது.

கடிதம் நீண்டுவிட்டது, முழுசாகப் போட இடம் இருக்காது என்று தெரியும். வெட்டுவதென்றால் கல்வெட்டு, செப்பேட்டுச் சமாசாரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். மகேந்திரரைப் பற்றி எழுதியதில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கல்பட்டு