வாசலில் நின்ற அக்கா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மொரீசியஸில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் நாள் பற்றிச் சென்ற இதழில் வந்த செய்தியைப் படித்தேன். மேடை, மாலை, பேருரை எதுவும் இல்லாமல் மரத்தடியில் முக்கால் மணி நேர வகுப்புகளாக நடத்தியதைப் பாராட்டியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியதுதான். நானும் போயிருந்தேன். ஆனால் செய்தியில் வராத ஒன்றை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

கல்வியும் சமுதாயமும் பற்றிய வகுப்பில் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எடுத்தார். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் படிப்பதற்காக உங்கள் வீட்டில் படிப்பை விட்டவர் யார்?" முப்பது பேர் இருந்திருப்போம். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அம்மா, பெரியண்ணன், சித்தி என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்லும்போது வீட்டில் பேசும் கிரியோல் மொழிக்கு வந்துவிட்டார்கள்.

என் முறை வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் சொல்ல வேண்டிய ஆள் அந்த நேரத்தில் வெளியே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலையில் என்னோடுதான் வந்தாள். வாசலில் பெயர் எழுதிய பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், "நீங்கள் எந்த வருடம் முடித்தீர்கள்?" என்று. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் என்றார்கள். நானும் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்க வேண்டும். "நீ போ, நான் இருக்கேன்" என்று அக்கா என் தோளைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். 1972-ல் ஆறாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். அப்போது மேல்படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அப்பாவின் தோட்டக் கூலியில் ஒருவருக்குத்தான் கட்ட முடிந்தது. அது அண்ணனுக்குப் போயிற்று. 1975 மே 20-ஆம் தேதி மாணவர்கள் ஊர்வலமாகத் தலைநகர் போர்ட் லூயிக்கு நடந்து, கிராண்ட் ரிவியேர் பாலத்தில் போலீசார் மறித்ததை வானொலியில் கேட்ட ஞாபகம் எனக்கு இருக்கிறது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் வாக்களிக்கும் வயது 18 ஆனது; 1977 ஜனவரியிலிருந்து உயர்நிலைக் கல்வி இலவசமானது. ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்ட நான் அந்த ஜனவரியில் பள்ளிக்குப் போனேன். அக்கா அதற்கு முன்பே சுவெட்டர் ஆலைக்குப் போய்விட்டாள்.

கட்டணம்தான் போயிற்றே தவிர சீருடை, புத்தகம், பஸ் காசு எல்லாம் இருந்தன. மாணவர்களுக்கு இலவசப் பஸ் வந்ததே 2005-ல்தான். எனக்கு அதையெல்லாம் கொடுத்தது அக்காவின் சம்பளம். சுவெட்டர் கழுத்துப்பட்டியின் ஒவ்வொரு பின்னல் கண்ணையும் இயந்திரத்தின் ஊசி முனையில் மாட்டி சுவெட்டரின் உடல்பகுதியோடு இணைக்கும் வேலை அவளுக்கு. ஒரு கண் தவறினால் மொத்தமும் பிரியும். கறுப்பு நூல் வந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பாடம் படிப்பேன். சத்தமாகப் படிக்கச் சொல்வாள். நான் படித்த வரலாறு முழுவதும் அவளுக்குத் தெரியும்.

வகுப்பில் வேறு பல விஷயங்களும் வந்தன. தமிழா கிரியோலா என்று தொடக்கப் பள்ளியில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற 2012-க்குப் பிந்தைய நிலையைப் பற்றி, தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் நானும் இரண்டு வார்த்தை பேசினேன். அதைவிடச் சூடாக நடந்தது ட்யூஷன் பற்றிய பேச்சு. 2019-லிருந்து அரசுக் கல்வி நிலையங்களில் முதல் பட்டப் படிப்பும் இலவசம். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் ட்யூஷனுக்குக் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அந்த மரத்தடியில் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த ஆண்டு அழைப்பிதழில் "வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள்" என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஒன்றிரண்டு வகுப்புகளையாவது கிராமத்து மண்டபங்களில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கிரியோலில் நடத்தட்டும். ஆலைச் சம்பளத்தில் தம்பி தங்கைகளைப் படிக்கவைத்த பெண்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரையாவது வகுப்பெடுக்கச் சொல்லட்டும். நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.

அக்காவிடம் வருவாயா என்று கேட்டுவிட்டேன். வருகிறாளாம். "ஆனா வாசல்ல எந்த வருஷம்னு கேக்கக் கூடாது" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரீசியஸ்