யார் பயணம் செய்வது?

அன்பு மகளுக்கு,

புது வேலை உறுதியாகிவிட்டது என்று நீ சொன்ன அன்றே எழுத நினைத்தேன். வீட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து குழப்ப வேண்டாமென்று இருந்துவிட்டேன். நேற்று நீயே, "அப்பா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

தொழிற்சாலை இருக்கும் சிற்றூரிலேயே குடியேறுவதா, இப்போது இருக்கும் பெருநகரத்தில் இருந்தபடியே தினமும் போய் வருவதா என்பதுதானே கேள்வி? வாசலுக்கு வாசல் ஒன்றேகால் மணி நேரம் என்றாய். போக வர இரண்டரை மணி. வருஷத்துக்கு 220 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 550 மணி நேரம். அதையே எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட 69 நாள் வரும். அதாவது வருஷத்தில் மூன்று மாத வேலை, சம்பளம் இல்லாமல். மாத வாடகையில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடும் தாளிலேயே இதையும் எழுதி வைத்துக்கொள்.

ஆனால் நீங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டால் இது உன் பயணத்தைப் பற்றிய விஷயம் மட்டும்தான் என்பது போல இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ நகரத்தை விட்டு வந்தால் மாப்பிள்ளை நகரத்துக்குப் போக வேண்டும். பயணம் குடும்பத்தை விட்டுப் போய்விடாது, ஆள்தான் மாறும். ஆகவே யார் போவது, எத்தனை நாள் போவது என்று பார்க்க வேண்டும். உனக்குத் தரக் கட்டுப்பாட்டு வேலை. இயந்திரம் ஓடும் இடத்தில் நீ நின்றாக வேண்டும், வாரம் ஐந்து நாளும். மாப்பிள்ளைக்கு வாரம் மூன்று நாள்தான் அலுவலகம், மீதி இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. நீ போய் வந்தால் குடும்பத்துக்கு வாரம் பன்னிரண்டரை மணி நேரம் செலவு. அவர் போய் வந்தால் ஏழரை. வாரம் ஐந்து மணி நேரம் உங்கள் வீட்டுக்கு மிஞ்சுகிறது.

இதில் மாப்பிள்ளையின் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அதை அவர் சொல்லத் தயங்குவார் என்று நினைக்கிறேன். காலையில் நகரத்திலிருந்து வெளியே போகும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். சாலையும் அந்தத் திசையில் ஓரளவு காலியாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து நகரத்துக்குள் போகிறவர்தான் எல்லாக் கூட்டத்தோடும் சேர்ந்து நசுங்கிப் போக வேண்டும். அதே தூரம்தான், ஆனால் உன்னுடைய ஒன்றேகால் மணி நேரமும் அவருடைய ஒன்றேகால் மணி நேரமும் ஒன்றல்ல. அவர் நேரம் மாற்றிப் போக முடியுமா, கூட்டம் அடங்கியபின் கிளம்பினால் அலுவலகத்தில் ஒத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்கச் சொல். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் மேலே போட்ட கணக்கு அவ்வளவு சுலபமாக நிற்காது.

ஓய்வுபெற்ற பிறகு இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் படிக்க நேரம் கிடைக்கிறது. ஸ்விட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை இருவரும் ஜெர்மனியில் பல ஆண்டுகளாகத் திரட்டிய குடும்பத் தகவல்களை எடுத்துப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ பெற்றுத்தானே போகிறார்கள், ஆகவே மற்றவர்கள் அளவுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்பது பொருளாதாரப் பாடம். தகவல் அப்படிச் சொல்லவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருந்தது. வீடு எடுக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் ஓர் அறை கண்ணுக்குத் தெரிகிறது. தினசரிப் பயணம் அந்த நேரத்தில் தாளில் ஓர் எண்ணாக மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் மனிதர்கள் இதைத் தப்பாக எடைபோடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஸ்வீடனில் ஊமெயோ பல்கலைக்கழகத்தின் எரிகா சாண்டோ 2011இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியில் ஒருவர் ஒரு வழிக்கு 45 நிமிஷத்துக்கு மேல் பயணம் செய்யும் குடும்பங்களில் பிரிவு ஏற்படும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுதல் என்று கண்டார். அந்த 40 என்ற எண்ணைவிட அதோடு சேர்ந்து வந்த செய்திதான் என்னை நிறுத்தியது. தூரப் பயணம் செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுப் பொறுப்பு முழுவதும் மனைவி தலையில் விழ, அவள் படிப்புக்கும் திறமைக்கும் குறைந்த வேலையைப் பக்கத்தில் தேடிக்கொள்கிறாள். மாப்பிள்ளை பயணம் செய்வது என்று முடிவானால் மாலை வேலைகள் எல்லாம் தானாகவே உன் பக்கம் சாயும். நீ வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாய் என்பதே அதற்குக் காரணமாகிவிடும். அவர் வீட்டிலிருக்கும் இரண்டு நாளும் பேரன் அவர் பொறுப்பு என்று இப்போதே பேசிவைத்துக்கொள். அப்புறம் பேசினால் சண்டையாகத்தான் முடியும்.

நான் வேலை பார்த்த இடத்தில் நகரத்திலிருந்து வருகிறவர்கள் சிலர் உண்டு. வேலையில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் நாலு மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தால் அவர்கள் பை அப்போதே மடிக்கு வந்துவிடும், ஜிப் போட்டு, தண்ணீர் பாட்டில் பக்கத்து உறையில் செருகி. பேசுகிறவரைப் பார்த்துக்கொண்டே கை மட்டும் பையின் வாரைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிஷம் கூட்டம் நீண்டால் அந்த வண்டி போய்விடும், அடுத்தது முக்கால் மணி கழித்து. அவர்களை அலைக்கழித்தது தூரம் மட்டும் அல்ல, எப்போது வீடு சேருவோம் என்று உறுதியாகத் தெரியாததுதான். ஆகவே "சராசரியாக ஒன்றேகால் மணி" என்று எனக்குச் சொல்லாதே. மோசமான நாளில் எவ்வளவு? மழை கொட்டும் நாளில் எவ்வளவு? பேரனை விடும் குழந்தைகள் காப்பகம் மூடும் நேரத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். அதே வண்டியில் உட்கார்ந்து படித்து மேல்பட்டம் வாங்கியவரும் எனக்குத் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. அவருக்குக் குழந்தை இல்லை. திரும்பிவரும் நேரத்தைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஓர் ஊரில் வீடு பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். அது வேண்டாம் என்பேன். பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும், ஆளுக்குப் பாதி. ஆனால் அதில் இரண்டு பேருமே வெளியே போகிறீர்கள், பேரன் மட்டும் யாரும் இல்லாத ஊரில் காப்பகத்தில் இருப்பான். அவனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் உங்களில் ஒருவராவது அரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். எந்த வீட்டைப் பார்த்தாலும் இதை விட்டுக்கொடுக்காதே.

சிற்றூரிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. கடைக்குப் போனால் மேலதிகாரி நிற்பார். விடுமுறை நாளிலும், பக்கத்தில்தானே இருக்கிறாய், ஒரு பத்து நிமிஷம் வந்துவிட்டுப் போ என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்திலேயே இரண்டு தடவை முடியாது என்று சொன்னால் கூப்பிடுவது குறையும். இதைவிடப் பெரிய விஷயம், அங்கே உன் படிப்புக்கு அந்த ஒரு தொழிற்சாலைதான். வேலை பிடிக்காமல் போனாலோ, அவர்களே ஆட்களைக் குறைத்தாலோ, நகரத்தில் இருப்பவளுக்கு இன்னொரு கதவு பக்கத்தில் இருக்கும். உனக்கு ஊரையே மாற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் அங்கே வீடு வாங்கும் பேச்சை இப்போது எடுக்காதே என்கிறேன். விலை குறைவு என்று ஆசை வரும். ஒரு வருஷம் வாடகைக்கு இரு.

சரி, என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு நேரம் மாற்றிப் போக அனுமதி கிடைத்தால் தொழிற்சாலைப் பக்கம் போய்விடுங்கள். புது வேலையில் முதல் வருஷம் களைப்பாகத்தான் இருக்கும், அதோடு இரண்டரை மணி பயணத்தையும் நீ சுமக்க வேண்டாம். அனுமதி கிடைக்கவில்லை என்றால் நகரத்திலேயே இருந்து நீ போய் வா. அதையும் ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு திங்கட்கிழமை நீங்கள் இருவரும் அவரவர் போகப்போகும் வழியில், போகப்போகும் நேரத்தில், ஒரு முறை போய் வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்த நேரம் எதற்கும் உதவாது.

நகரம் என்று முடிவானால், கடைசி வண்டியை விட்டுவிட்டால் இரவு தங்க ஓர் இடம் தொழிற்சாலைப் பக்கம் பார்த்து வைத்துக்கொள். காப்பகத்தில் பேரனை அழைத்து வர உங்கள் இருவரையும் தவிர மூன்றாவதாக ஒருவர் பெயரையும் எழுதிக்கொடு. அப்படி ஒருவர் கிடைக்கும் வரை அம்மா வந்து உங்களோடு இருக்கத் தயார். இதை எழுதச் சொன்னதே அவள்தான். தேதி மட்டும் சொல், டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா