மடுவில் ஒரே மரத்தடியில்

அன்பின் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் மடு மாதா கோயில் என்று வாயெடுத்தாலே "சாப்பிட்டீங்களா அம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது பார்.

இந்த 2024 ஆவணித் திருவிழாவுக்குப் போய் ஆறு நாள் தங்கிவிட்டு வந்தேன். மாதாவுக்கு முடிசூட்டியது 1924 யூலை 2. அது 100 வருடம் நிறைந்த ஆண்டு இது, போகாமல் இருக்க மனம் கேட்கவில்லை. மடு றோட்டில் இறங்கி உள்ளே போகும் காட்டுப் பாதை முழுக்கப் புழுதி. பஸ், வான், லொறி, ட்ரக்டர் பெட்டி என்று சனம் வந்துகொண்டே இருந்தது. யூலைத் திருவிழா பெரும்பாலும் எங்கள் தமிழ் ஆட்களுடையது. ஓகஸ்டில் நீர்கொழும்பு, சிலாபம், கொழும்பு என்று நாடே வந்து காட்டுக்குள் இறங்கிவிடும்.

நீ அந்த இடத்தை ஏன் வெறுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். 1999 நவம்பர் 20 இரவு உனக்கு ஏழு வயது. இடம்பெயர்ந்து வந்து கோயிலில் தஞ்சம் இருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்து ஏறக்குறைய 40 பேர் போனார்கள். பின்னேரம் உன்னோடு மாபிள் அடித்த பிள்ளையும் அதில் ஒன்று. அவனுடைய இரண்டு மாபிள்களை நீ காற்சட்டைப் பையில் எத்தனை மாதம் வைத்திருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். துணி தோய்க்கிறவள் நான்தானே.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு பெரிய பாலை மரத்தின் கீழ் கூடாரம் அடித்தோம். அடுத்த பக்கத்தில் நீர்கொழும்பிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம். என் வயதில் ஒரு மனுசி, மகள், மருமகன், பன்னிரண்டு வயதுப் பேரன். முதல் நாள் ஒரு சிரிப்போடு சரி. எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் செக்பொயின்றில் படித்தது. எங்கே போகிறாய், பையைத் திற, அடையாள அட்டை எங்கே. அதை வைத்துக்கொண்டு யாரோடு உறவு கொண்டாடுவது?

தண்ணீர் பௌசர் வரும்போது வாளியை வரிசையில் வைப்போம். இரண்டாம் நாள் நான் போகப் பிந்திவிட்டது. போய்ப் பார்த்தால் அவளுடைய வாளிக்குப் பக்கத்தில் என் வாளியும் நிரம்பி நிற்கிறது. பதிலுக்கு ஒடியல் மா, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மா, கொஞ்சம் கொடுத்தேன். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பாலில் கரைத்து ஒரு கஞ்சி வைத்தாள். மகனே, அதை மட்டும் கேட்காதே.

அன்று இரவு செபமாலைக்கு உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியில் செபமாலையின் ஒரு பகுதி தமிழ், அடுத்த பகுதி சிங்களம் என்று போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் அறிவிப்பு வேறு, அதுவும் இரண்டு பாசையிலும். சிங்களப் பகுதி நடக்கும்போது பக்கத்தில் தமிழ் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் அந்த மனுசி கண்ணை மூடிக்கொண்டு, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே" என்கிறாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உனக்கு அந்தச் செபம் தெரியாது. நீ படித்தது "அருள் நிறைந்த மரியே வாழ்க". பழையதை என் அம்மம்மா சொல்லிக் கேட்டதோடு சரி, எங்கள் கோயில்களில் அது போய் எத்தனையோ வருடம். நாங்களே கைவிட்ட தமிழ் ஒரு சிங்களத்தியின் வாயில் இருக்கிறது. அர்த்தம் அவளுக்குத் தெரியாது. ஆச்சி சொல்லித் தந்தது, சொல்கிறேன் என்றாள். நீர்கொழும்புக் கடற்கரையில் முன்பெல்லாம் மீன்பிடிக் குடும்பங்களுக்கு வீட்டுப் பேச்சு தமிழ்தான். பள்ளிக்கூடம் சிங்களமானது, பிள்ளைகளின் நாக்கும் மாறிவிட்டது. செபம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. பேரன் பள்ளிக்கூடத்தில் தமிழ் இரண்டாம் மொழியாகப் படிக்கிறான். அவனை நடுவில் உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு அர்த்தம் சொன்னேன். பிரியதத்தம் என்றால் கடவுள் தருகிற அருள் என்று சொன்னபோது, "எழுபது வருசம் இது மாதாவின் பெயர் என்று நினைத்தேனே" என்று சிரித்தாள்.

ஆயர்மார் பிரசங்கத்தில் ஒற்றுமை, சமாதானம் என்று நிறையச் சொன்னார்கள். மைக்கில் சொல்வது லேசு. 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்தபோதும் நான் அந்தச் சனத்துக்குள் நின்றேன், அழுதேன், வீட்டுக்கு வந்து பழையபடி இருந்தேன். இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை.

ஏன் என்றால் நாலாம் இரவு அவள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். தங்கச்சியின் மகள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியக் கோயிலில் பூசைக்குப் போனவள். ஒரு குண்டில் நூற்றுக்கு மேல் போன கோயில் அது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் செய்தி வந்த அன்று, அழுகைக்கு முன்னால் எனக்குள் வந்த நினைப்பு, "இப்போது அவர்களுக்கும் தெரியும்" என்பது. ஒரு நிமிசம்தான். ஆனால் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அதைச் சொன்னதில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது.

நானும் 1999 ஐச் சொன்னேன். பேரன் சொல் தேடித் தேடி மொழிபெயர்த்தான். ஷெல் என்ற சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவள் கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நாங்கள் பேப்பரில் பார்த்தோம், அடுத்த நாள் மறந்துவிட்டோம்" என்றாள். சாட்டுச் சொல்லவில்லை, மழுப்பவில்லை. அப்புறம் கேட்டாள், உன் சிநேகிதப் பிள்ளையின் பெயர் என்ன என்று.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் வந்து எத்தனை பேர் செத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பெயர் கேட்டவள் இவள்தான். சொன்னேன். விடியப் போய்ப் பார்த்தால் மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் இரண்டு திரி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்று அவனுக்கு. பெயரைத் தப்பாகத்தான் உச்சரித்தாள், நான் திருத்தவில்லை.

கடைசி நாள் திருச்சொரூபப் பவனியில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நெரிசலில் தவறாமல் இருக்கத்தான், வேறொன்றும் இல்லை என்று வைத்துக்கொள். அந்தச் சொரூபமும் ஓடி ஓடி வந்ததுதானே. ஒல்லாந்தருக்குப் பயந்து 1670 இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள் என்பார்கள். 2008 இல் சண்டைக்குள் பாதர்மார் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஓடின மாதாவுக்கு ஓடின சனத்தைத் தெரியாமலா இருக்கும்.

உன்னைப் பூசைக்குப் போ என்று எழுதவில்லை. நீ கும்பிடுகிறாயோ இல்லையோ, அது உனக்கும் கடவுளுக்கும் இடையில். அந்த இரவோடு உனக்குள் மடு நின்றுவிட்டது. எனக்கும் அப்படித்தான் நின்றிருந்தது. இப்போது அந்த மண்ணை நினைத்தால் பாலில் கரைத்த ஒடியல் கஞ்சியும் ஞாபகத்துக்கு வருகிறது.

போன கிழமை நீர்கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒரு பார்சல் கருவாடு வந்தது. வட்ஸ்அப்பில் பேரன் குரல் அனுப்புகிறான், நான் தமிழில் பதில் சொல்கிறேன், அவன் அங்கே சொல்கிறான். அடுத்த ஆவணிக்கும் அதே பாலை மரத்தடிதான் என்று முடிவாகிவிட்டது. என் பழைய கூடாரம் கிழிந்துவிட்டது, நாலு பேருக்கு ஒன்று வாங்கு, போதும் என்கிறாள் அவள். நான் ஆறு பேருக்கானதைத்தான் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா