டூரிங் கார் ஓட்டுநர்களுக்கும் விளையாட்டுப் பக்கத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் தேசியக் கார் பந்தயச் சுற்று நடந்த மறுநாள் தங்கள் நாளிதழைப் பிரித்தால், ஃபார்முலா வகைக் காரில் வென்ற இளைஞரின் படம் பெரிதாக வந்திருக்கிறது. அதே ஓடுதளத்தில், கூரையும் கதவும் உள்ள டூரிங் கார்களில் போட்டியிட்டவர்களின் பெயர்கள்கூட இருப்பதில்லை. நாற்பது ஆண்டுகள் பீளமேட்டில் கடைசல் பட்டறை நடத்திய எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

என் மகள்வழிப் பேரன் பத்து வயதிலிருந்து கார்ட்டிங் எனும் சிறு பந்தய வண்டி ஓட்டுகிறான். இருபது வயதுக்குள் ஃபார்முலா ஒன் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டால் செலவழித்ததெல்லாம் வீண் என்று மாப்பிள்ளை அவனிடம் சொன்னதைக் கேட்டபோதுதான் இக்கடிதத்தை எழுதத் தோன்றியது. அவர்மீது குற்றமில்லை, அவர் படிக்கும் செய்திகள் அந்த ஒரு வாசலைத்தான் காட்டுகின்றன.

வேறு வாசலும் உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இத்தாலியரான கேப்ரியேலே டார்க்வினி, ஃபார்முலா ஒன்னில் தகுதிச் சுற்றுக்கு முந்தைய தேர்விலேயே பலமுறை வெளியேறியவர். அவரே 1994இல் ஆல்ஃபா ரோமியோ காரில் பிரிட்டிஷ் டூரிங் கார் பட்டத்தை வென்றார். 2009இல் 47 வயதில் உலக டூரிங் கார் சாம்பியன் ஆனார். 2018இல் 56 வயதில் ஹூண்டாய் காரில் டூரிங் கார் உலகக் கோப்பையையும் கைப்பற்றினார்.

இத்தொழிலில் வயதுக்கு மதிப்பிருப்பதற்குக் காரணம் உண்டு. சாலையில் ஓடும் குடும்பக் காரை அடிப்படையாகக் கொண்டதே டூரிங் கார். டூரிங் கார்களுக்கென உள்ள டி.சி.ஆர். என்ற விதிமுறைப்படி 2 லிட்டர் டர்போ எஞ்சினின் ஆற்றல் முழுவதும் முன்சக்கரங்களுக்கே போகிறது. வண்டியை இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர்கள் என்பதால், அவசரப்படுபவர் சில சுற்றுகளிலேயே அவற்றைச் சூடேற்றி வீணாக்கிவிடுவார். பல தொடர்களில், வென்றவரின் காரில் அடுத்த பந்தயத்துக்குக் கூடுதல் எடை ஏற்றுகிறார்கள். எடை ஏறிய நாளில் ஐந்தாம் இடத்தையாவது விடாமல் பிடித்துக்கொண்டு புள்ளி சேர்க்கத் தெரிந்தவருக்கே ஆண்டு முடிவில் பட்டம் கிடைக்கிறது. வளைவின் எந்த இடத்தில் கார் வெளிப்பக்கம் தள்ளுகிறது என்பதைப் பொறியாளருக்கு விளங்கும்படி சொல்வதும் ஓட்டுநரின் வேலைதான். சத்தத்தை வைத்தே பேரிங் போயிருப்பதைச் சொல்லிவிடும் பழைய மெக்கானிக்கின் காதைப் போல, அது கைப்பழக்கத்தில் வருவது.

வருமானம் எளிதன்று என்பதையும் மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலோர் தாங்களே விளம்பரதாரரைத் தேடிப் பிடித்துத்தான் அணியில் இடம் பெறுகிறார்கள்; கார் நிறுவனம் சம்பளம் கொடுத்து அமர்த்துபவர்கள் சிலரே. பயிற்சி அளித்தும், கார் சோதனைகளில் ஓட்டியும் காலம் தள்ளுபவர்கள் உண்டு.

கொங்கு மண்ணுக்கு இது புதிதன்று. 1995இல் மறைந்த கோவைப் பந்தய ஓட்டுநர் கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிப் பந்தயத்தை நடுத்தரக் குடும்பத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார், செட்டிபாளையத்தின் 2.1 கி.மீ. ஓடுதளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியது கோவையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 2019 நவம்பரில், ஜப்பானின் ஃபுஜி ஓடுதளத்தில், ஜெர்மன் டூரிங் கார்களும் சூப்பர் ஜி.டி. என்ற ஜப்பானியப் பந்தயத் தொடரின் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றில், 42 வயதில் ஹோண்டா காரில் அவர் முதலாவதாக வந்ததை எங்கள் தெருவில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. 2021இல் பெங்களூருவின் அர்ஜுன் மைனி டி.டி.எம். எனப்படும் அந்த ஜெர்மன் டூரிங் கார் தொடரில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார் என்பதும் அவ்வாறே.

ஆகவே அடுத்த சுற்று செட்டிபாளையத்தில் நடக்கும்போது, டூரிங் கார் பிரிவின் முடிவுகளையும் புள்ளிப் பட்டியலையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். முப்பதைக் கடந்தும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சந்தித்து, அவர் எப்படிப் பிழைக்கிறார், காருக்கு ஆகும் செலவை யார் தருகிறார்கள், ஓய்வுக்குப் பின் என்ன செய்ய எண்ணுகிறார் என்று கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. எங்கள் மாப்பிள்ளை காலையில் முதலில் பிரிப்பது தங்கள் விளையாட்டுப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பீளமேடு, கோவை.